குருந்தம் ஊர் திரும்பிய விதம்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதையும் முழுதாகப் படித்தேன் என்று சொன்னால் எங்கள் வாத்தியார் எங்கிருந்தாலும் எந்திரிச்சு வந்து மறுத்துவிடுவார். ஆனால் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அப்பன் யார், பாட்டன் யார், எந்த மண்ணில் பிறந்தது என்று கேட்டால், கோயமுத்தூரில் காலேஜ் படி ஏறி இறங்கினவர்களை விட நான் நன்றாகச் சொல்லுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைக்கு ஒரு ஆளின் உயிர் போயிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன மாதம் நான் வேலை பார்த்த சாணைக்கல் கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது. கல்லை மேசை மேல் வைத்தால் சின்னச் சுத்தியல் தானாகத் தட்டுகிறது. சத்தத்தைக் கம்ப்யூட்டர் கேட்டு, பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ போடுகிறது. குவாலிட்டி பார்க்கும் பொண்ணு சிரித்துக்கொண்டே சொன்னது:

"ஐயா, உங்க காதுக்குப் பதிலா வந்திருக்கறதுங்க இது."

"அப்படீங்களா அம்மணி? அப்ப அதுக்கு ஒரு கடுக்கன் போட்டு உடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பொண்ணு ஒரு பெட்டியைக் காட்டி, "இது கொரண்டம் சரக்குங்க" என்றது. "குருந்தம்னு சொல்லு கண்ணு" என்றேன். "இல்லீங்கய்யா, கொரண்டம். இங்கிலீஷ் வார்த்தைங்க" என்று அது என்னைத் திருத்தியது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற பிட்டர் ஒருவன் இன்னொருவன் காதில் சொன்னான். சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. "இவரு காதே சூலூர்ல ஒருவாட்டி ஏமாந்து, ஒரு ஆள் செத்துப்போயிட்டானாமா."

தொழிலாளர் சங்க ஆண்டு மலருக்கு எதையாவது எழுதிக் கொடுங்க என்று அந்தப் பொண்ணு கேட்டபோது சரி என்றேன். அது திருத்தின வார்த்தைக்கும் பிட்டர் சொன்ன பழிக்கும் பதில் ஒன்றுதான்.

பதினாறு வயதில் ஊரை விட்டு வந்து இந்தக் கம்பெனியில் பெட்டி உருட்டச் சேர்ந்தேன். ஆறு வருடம் உருட்டினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை, முதுகு வலிதான். விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பவுண்டரியில் வார்த்தெடுத்த இரும்பில் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றும் சாணைக்கல்லில் கொடுத்துத்தான் தேய்ப்பார்கள். கல்லின் உள்ளே தலைமயிர் அளவுக்கு விரிசல் இருந்தாலும் போதும், சுற்றும் வேகத்தில் வெடித்துவிடும். வெடித்த துண்டு முன்னால் நிற்பவனை விடாது. அதனால் கம்பெனியை விட்டுப் போகும் ஒவ்வொரு கல்லையும் தட்டி, சத்தத்தைக் கேட்டு அனுப்ப ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் சவரிமுத்து போர்மேன். ஒல்லியான மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுப்போகும் முழுக்கைச் சட்டையைத்தான் மற்ற நாளும் போடுவார். கழிவறை கழுவ வருகிறவரையும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். சட்டைப்பையில் ஒரு குட்டி டிக்சனரி. வெளிநாட்டுப் பெட்டி மேல் என்ன வார்த்தை அச்சடித்திருந்தாலும் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க விடுவார். "பேர் தெரியாம ஒரு பொருளைத் தொடக்கூடாதுங்க" என்பார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது இப்படி. ஒரு நாள் குடோன் மறு கோடியில் யாரோ ஒரு கல்லை உருட்டிக்கொண்டு போனான். நான் இந்தக் கோடியில் இருந்து, "அது உடைஞ்ச கல்லுங்க" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சவரிமுத்து சிரிக்கவில்லை. தட்டிப் பார்த்தார். உடைந்த கல்தான். அடுத்த நாள் காலையில் கல்லைத் தட்டிப் பார்க்க, கொய்யாமரக் கட்டையால் செய்த கைப்பிடி ஒன்றை என் கையில் கொடுத்தார். டிப்ளமா படித்தவர்கள் நாலு பேர் அந்த வேலைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. கல் முதலில் காய்ந்திருக்க வேண்டும். ஈரக்கல் பொய் சொல்லும். பெரிய கல்லை நட்டுக்குத்தலாகத் தரையில் நிறுத்தி, காத்தாடியை அணைத்து, கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். நேர் நடுவில் தட்டக்கூடாது. நடுவுக்கு இரண்டு பக்கமும் சாய்வாக, விளிம்பில் இருந்து இரண்டு விரல் உள்ளே தட்ட வேண்டும். பிறகு கல்லை அரைக்கால் சுற்று உருட்டி மறுபடியும் தட்ட வேண்டும். நல்ல கல் 'ணங்' என்று பாடும், இரண்டு காடு தள்ளி இருக்கும் கோயில் மணி மாதிரி. விரிசல் கல் தேங்காய்த் தொட்டியைத் தட்டின மாதிரி 'டொக்' என்று நிற்கும். சாப்பிட்ட கையோடு தட்டக்கூடாது. "வயிறு ரொம்புனா காது தூங்கிப்போயிருமுங்க" என்பார். தேறின கல்லில் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் 'செ' என்று எழுதுவேன். சென்னியப்பன் என்பதில் எனக்கு அப்போது பிழையில்லாமல் எழுத வந்தது அந்த ஒரு எழுத்துதான்.

இந்த வேலை செய்தால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். குடம், கதவு, மின்கம்பம், எதைக் கண்டாலும் கை தட்டிப் பார்க்கும். என் மகள் பிறந்தபோது அதன் முதுகில் லேசாகத் தட்டிக் காதை வைத்தேன். மாமியார் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முந்தின வாரம், இருபத்தி நாலு அங்குலக் கல் பன்னிரண்டு தட்டினேன். எல்லாம் பாடின. ஏழாவது கல் மட்டும் நான் கட்டையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நல்ல கல்லை இதுவரை கேட்டதில்லை என்று நினைத்து, அதில் 'செ' கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். அந்த ஒரு கல் அன்றைக்கே சூலூர் பக்கம் ஒரு பவுண்டரிக்குப் போனது.

விஜயதசமி காலையில், நல்ல நேரம் பார்த்து அந்தப் பவுண்டரியில் சுவிட்சைப் போட்டார்கள். கல் முழு வேகம் பிடிக்கும் முன்பே வெடித்தது. முன்னால் நின்ற நஞ்சப்பன் என்கிற தொழிலாளி அந்த இடத்திலேயே போய்விட்டார். பூசைக்கென்று முந்தின நாள் மாட்டின புதுக்கல். பவுண்டரி முதலாளி போனில் எங்கள் கம்பெனியைக் கிழித்துவிட்டார். "உங்க ஆள் போடற அடையாளமே கல்லுல இல்லீங்க. தட்டாமயே அனுப்பிச்சுப்போட்டு, ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டீங்க."

நான் 'செ' எழுதினது எனக்குத் தெரியும். என் காது ஒரு விரிசலைக் கேட்காமல் விட்டிருந்தால், நஞ்சப்பனை நான் கொன்றவன். காது சரியாகத்தான் கேட்டிருந்தது என்றால், வேறு ஏதோ நடந்திருக்கிறது. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் அடுத்த கல்லைத் தட்ட என் கை வராது.

மீதிப் பதினொரு கல்லையும் சவரிமுத்து திரும்பத் தட்டிப் பார்க்கக் கொண்டுவரச் சொன்னார். மத்தியானம் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினோம். நான் தட்டினேன், அவர் கண்ணை மூடிக் கேட்டார். பதினொன்றும் பாடின. எல்லாம் ஒரே சுதி. கட்டையைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தேன். அப்போது இன்னொரு தடவை 'ணங்' என்று கேட்டது.

சவரிமுத்து கண்ணைத் திறந்தார்.

"நீங்க தட்டுனீங்களா?"

"இல்லீங்க."

"நானும் தட்டலீங்க."

ஒரு கல் பாடினால் பக்கத்துக் கல் லேசாக முனகும். அது எங்களுக்குத் தெரியும். இது முனகல் கிடையாது. தட்டின சத்தம். ஏழாவது கல் பாடின மாதிரியே கொஞ்ச நேரம் நின்று போனது. சவரிமுத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அன்றைக்குக் கும்பிட்ட சாமி எதென்று நினைவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் சூலூர் போனோம். உடைந்த துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி கேட்டுக்குப் பக்கத்து அறையில் போட்டிருந்தார்கள். சாக்கை அவிழ்த்ததும் முதலில் வந்தது சந்தன வாசனை. வெடித்த கல்லில் கருகின நாற்றம் வரும், எண்ணெய் நாற்றம் வரும். இதில் கர்ப்பக்கிரக வாசனை வந்தது. ஒரு துண்டில் கறுத்துப்போன கறை இருந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

துண்டுகளைத் தரையில் சேர்த்து அடுக்கினோம். முக்கால் கல் உருவாகி வந்தது. அப்போதுதான் பார்த்தேன். உடைந்த முகத்தில், கல்லின் உட்சதையில், மஞ்சள் பாய்ந்திருந்தது. கல் முழுதும் இல்லை. ஒரு பாதியில் மட்டும், நடு ஓட்டை வரைக்கும், அரை நிலா மாதிரி. மேலே ஒட்டியிருந்த காகித லேபிள் ஊறிச் சுருங்கியிருந்தது. என் 'செ' எங்கே போனது என்று அப்போது விளங்கியது.

சவரிமுத்து கால் மடக்கி உட்கார்ந்துவிட்டார். "இது குளிச்சிருக்குதுங்க சென்னியப்பா" என்றார்.

எங்கள் கல் பார்க்கத்தான் இறுகல். உள்ளே ரஸ்க் மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளை. நிற்கும் கல்லில் தண்ணீர் ஊற்றினால் அது இரவு முழுதும் இறங்கிக் கீழ்ப்பாதியில் தங்கும். காலையில் பார்த்தால் வெளியே காய்ந்திருக்கும். கல் ஒரு பக்கம் கனத்திருப்பது யாருக்கும் தெரியாது. சுவிட்சைப் போட்டதும் உதறி உதறி, வேகம் பிடிக்கும்போது பிய்த்துக்கொள்ளும். போதாததற்கு, கல் வெடித்தாலும் துண்டு பறக்காமல் தடுக்கிற இரும்பு மூடியை, கழுவுவதற்காகக் கழற்றினதை, திருப்பி மாட்டாமலே ஓட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி முதலாளி போனில் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"கல்லுக்கு யாருங்க பூசை செஞ்சது?" என்று அங்கிருந்த தொழிலாளியைக் கேட்டேன்.

"நஞ்சப்பன் சம்சாரமுங்க. வருசா வருசம் எல்லாரு குடும்பமும் வரும். இந்த வாட்டி அந்த அக்கா, கல்லுக்கு நான்தான் செய்வேன்னு அவங்களே ரொம்ப ஆசையாச் செஞ்சாங்க."

காரியமெல்லாம் முடியட்டும் என்று பதினாறு நாள் பொறுத்து பல்லடம் போனோம். நஞ்சப்பன் மனைவி ராமாத்தாள் அங்கே தன் தம்பி குப்புசாமி வீட்டில் இருந்தார். எதிர்ச்சாரியில் தம்பியின் பட்டறை, விசைத்தறிக்கு வேண்டிய சாமான் செய்கிற பட்டறை. உச்சி வெயில் நேரம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். உள்ளே போய் உட்கார்ந்ததும் கரண்டு நின்றது. அத்தனை தறியும் ஒரே நேரத்தில் அடங்கின. என் காதுக்குள் அப்படி ஒரு அமைதி அதற்கு முன்னால் இறங்கினதில்லை. சவரிமுத்து குனிந்த தலை நிமிராமல் இருந்தார். நான்தான் கேட்க வேண்டி வந்தது.

"அம்மணி, பூசையன்னைக்குக் கல்லுக்கு நீங்கதான் தண்ணி ஊத்துனீங்களாமா?"

"ஆமாங்ணா. அது எங்க முறைங்க. குருந்தத்துக்கு மொதப் பூசைன்னா குளிப்பாட்டோணும்."

கொரண்டம் என்பது பெட்டி மேல் இருக்கும் வார்த்தை. கப்பலில் வந்த வார்த்தை. பெட்டியை வாழ்நாளில் பார்க்காத அம்மா, அதை வீட்டு ஆள் பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

"குருந்தம்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

"எங்கூட்டுக்காரருதானுங்க. புதுக்கல்லு வந்திருக்குது, கொரண்டம் கல்லுன்னாரு. குருந்தமா, அது எங்க கல்லாச்சேன்னு சொன்னேன். காங்கயத்துக்கு அந்தப் பக்கம் எங்கய்யன் ஊருங்க. கத்தி, அருவாளுக்குச் சாணை புடிக்கற குடும்பம். எங்க காட்டுல தோண்டித்தான் எடுப்பாங்க. இடிச்சுப் பொடியாக்கி, அரக்குல காய்ச்சிச் சாணை பண்ணுவாங்க. புதுச் சாணைக்கு அஞ்சு குடம் தண்ணி, மஞ்சளும் சந்தனமும் கரைச்சு ஊத்தோணும், பச்சப்புள்ளையக் குளிப்பாட்டற மாதிரி. அப்பறம் விடியற வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது, தூங்க உட்டுறோணும். குளிக்காத கல்லைச் சுத்துனா அது ஆளைக் காவு கேக்குமுன்னு சொல்லுவாங்க."

எழுந்து போய் சாமி படத்துக்குக் கீழே இருந்த துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே கட்டைவிரல் தடிமனுக்கு மங்கின சிவப்பில் ஒரு கல். ஆறு பட்டை. நடுவில் பருத்து இரண்டு முனையும் சிறுத்து, குட்டிப் பீப்பாய் மாதிரி.

"யாரு செதுக்குனதுங்க?"

"யாரும் செதுக்கலீங்க. மண்ணுக்குள்ளயே இப்படித்தான் இருக்கும்."

கையில் வாங்கினேன். அளவுக்கு மீறின கனம். அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

அவருடைய முறையில் ஒரு குறையும் இல்லை. அரக்குச் சாணை தண்ணீர் குடிக்காது. எத்தனை குடம் ஊற்றினாலும் வழிந்து போய்விடும். அந்தக் கல்லுக்கு அந்தக் குளியல் சரிதான். எங்கள் கம்பெனிக் கல்லில் இருப்பது மண்ணில் எடுத்த குருந்தமே கிடையாது. மின்சார அடுப்பில் உருக்கி எடுத்த சரக்கு, களிமண் சேர்த்துச் சுட்டது. பெயர் மட்டும் பழைய பெயர். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் இந்த அம்மா, ஊர் திரும்பின உறவுக்காரனுக்குச் செய்வது போல எல்லாம் செய்திருக்கிறார்.

"ஏனுங்ணா," என்று ராமாத்தாள் என் முகத்தையே பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்குக் குழாய்ல தண்ணி நின்னுபோச்சு. அஞ்சு குடத்துக்கு நாலுதான் ஊத்துனேன். ஒரு குடம் கொறைச்சுப்போட்டேன். அதனாலதான் அவரைக் கேட்டுருச்சுங்களா?"

பதினாறு நாளாக அந்த ஒரு குடத்தைத்தான் அவர் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்தச் சுமை, ஊற்றின நாலு குடமாகும்.

"இல்லீங்க அம்மணி," என்றேன். "தண்ணிக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லை. கல்லுல விரிசல் இருந்துச்சு. நான்தான் கேக்காம உட்டுப்போட்டேன்."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சவரிமுத்து பேசவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "நீங்க உள்ள சொன்னது எனக்குக் கேக்கலீங்க" என்றார். அவருக்குக் கேட்காத சத்தம் ஜில்லாவிலேயே கிடையாது.

அவர் ரிப்போர்ட்டில் தண்ணீரையும் எழுதினார், மூடி இல்லாததையும் எழுதினார். யார் ஊற்றினது என்று எழுதவில்லை. அதற்கப்புறம்தான் எங்கள் பெட்டிகளில் 'நிற்கும் கல்லில் நீர் படக்கூடாது' என்று தமிழில் அச்சடித்தார்கள். ஆனால் ரிப்போர்ட்டைப் படிப்பவர் எத்தனை பேர்? கம்பெனி ஆளே வீடு தேடி வந்து தப்பை ஒத்துக்கொண்டார் என்ற சேதி பல்லடத்தில் இருந்து சூலூர், சூலூரில் இருந்து கோயமுத்தூர் என்று வந்து சேர்ந்தது. நான் மறுக்கவில்லை. என்னைக் கல் தட்டும் வேலையில் இருந்து எடுத்துவிட்டு மறுபடியும் பெட்டி உருட்ட விட்டார்கள். வரிசையில் நின்றார்கள் என்று சொன்னேனே, அந்த டிப்ளமாக்காரர்களில் ஒருவன் என் கொய்யாக் கட்டையை வாங்கிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவரிமுத்து என்னைத் தன் சர்ச்சுக்கு வரச் சொன்னார். சாமியார் அறையில் தலையணை மாதிரி ஒரு டிக்சனரி இருந்தது. இவருடைய குட்டி டிக்சனரியில் வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் இருக்கும். இதில் பூர்வீகமும் இருக்குமாம். கொரண்டம் என்ற வார்த்தைக்கு நேரே விரலை வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார். தமிழ்ச் சொல். குருந்தம். அதற்கு மேலே சமஸ்கிருதத்தில் குருவிந்தம் என்று ஒரு உறவு. எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் நம் பக்கத்துக் கல்லை மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, கல்லோடு பேரும் கப்பல் ஏறியிருக்கிறது.

"கல்லு அங்கயே கரைஞ்சுபோச்சுங்க. பேரு மட்டும் வேற ஒடம்பு எடுத்துத் திரும்பி வந்திருக்குது," என்றார். "வந்து, நேரா அதோட ஊட்டுக் கதவைத்தான் தட்டியிருக்குதுங்க."

அடுத்த வருடம் ஆயுத பூசை அன்று அரை நாள் வேலை. அனுப்பின பெட்டிகளின் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு சீட்டில் பல்லடம் என்று இருந்தது. கீழே குப்புசாமி பட்டறை. புதுக்கல் ஒன்று.

தண்ணீருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அந்த வீட்டில் உட்கார்ந்து சொன்னவன் நான். பெட்டி மேல் என்ன அச்சடித்திருந்தால் என்ன, அந்த வீட்டில் என் வார்த்தைதான் நிற்கும். சீட்டைக் கையில் பிடித்தபடியே ஓடிப் போய் பஸ் ஏறினேன். வழியெல்லாம் பட்டறைகளைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு பட்டறையைத் தாண்டும்போதும் அந்த 'ணங்' கேட்டுக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்தவரை, "உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பட்டறையில் கல்லை மாட்டி, மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். குப்புசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ராமாத்தாள் வீட்டு வாசலில் குடங்களை வரிசையாக வைத்திருந்தார். நாலு குடத்தில் மஞ்சளும் சந்தனமும் கரைத்தாகிவிட்டது. ஐந்தாவது குடம் அப்போதுதான் ரொம்பிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வாங்ணா. இந்த வாட்டி அஞ்சும் ரொப்பிப்போட்டேன். நான் தள்ளி நின்னுக்கறேன். தம்பி ஊத்தட்டும். இவனுக்கு ஒண்ணும் ஆகாது பாருங்க."

"அம்மணி, ஊத்த வேண்டாமுங்க."

"ஏனுங்ணா?"

"போன வருசம் நான் சொன்னது பொய்ங்க. கல்லுல விரிசல் இல்லை."

குடம் ரொம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

"அப்ப?"

"தண்ணிங்க. இது உங்க குருந்தம் இல்லீங்க. பேரு மட்டுந்தான் அது. இந்தக் கல்லு தண்ணியக் குடிச்சுப்போடும்."

அவர் நாலு குடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்ணுவது போல இருந்தது.

"அப்ப உங்க காது நல்லாத்தானுங்ணா இருந்துச்சு?"

ஒரு வருடமாக அந்த வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று கிடந்தவன் நான். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ராமாத்தாள் குழாயை மூடினார். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு தெருவைக் கடந்து பட்டறைக்குள் போனார். பூசைக்குக் கூடியிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தெருவிலேயே நின்றேன்.

"குப்பு, அந்தக் கல்லுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. மூடிய எடுத்து மாட்டு மொதல்ல."

"ஏனுக்கா, முறைன்னு நீதான சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். நாந்தான் ஊத்துனேன். ஊத்தித்தான் உங்க மாமன் போனாரு. எல்லாருமே கேட்டுக்கங்க. வெளிய நிக்கற அண்ணன் காது மேல ஒரு தப்பும் இல்லை. எனக்காவ அவரு பழியச் சொமந்துட்டு இருந்திருக்காரு."

கொஞ்ச நேரம் கழித்து இரும்பு மூடியைத் தூக்கி மாட்டும் சத்தமும், போல்ட்டு முடுக்கும் சத்தமும் கேட்டது.

ராமாத்தாள் திரும்பி வந்தார். அழவில்லை. மஞ்சள் கரைத்த நாலு குடத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தெருப் புழுதியில் கவிழ்த்தார். ஐந்தாவது குடத்தில் நல்ல தண்ணீர் இருந்தது. அதில் ஒரு சொம்பு மொண்டு, வெயிலில் நின்ற என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.